மஞ்சள் பூசிய சதுப்பு: ஒரு லேண்ட் யூஸ் மேப்பை எப்படிப் படிப்பது?

போன ஜனவரியில அப்பா ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்தார். பள்ளிக்கரணைக்குத் தெற்குப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து ஒரு பத்து நிமிஷம். "அப்ரூவ்டு மனைம்மா. பேங்க் லோன் கிடைக்கும். நீதான் சிவில் படிக்கிறியே, ஒரு தடவை பார்த்துச் சொல்லிடு"ன்னு பிரவுஷரை என் லேப்டாப் மேல வச்சார். முன் அட்டையில ஒரு ஏரி, ஏரியில ரெண்டு அன்னம். சென்னையில அன்னம் எங்கே இருக்குன்னு நான் கேட்கல.

அப்போ என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டே தென்சென்னை நிலப் பயன்பாட்டு வரைபடம்தான். அதனால அப்பாவோட மனையையும் ஒரு டெஸ்ட் கேஸா எடுத்துக்கிட்டேன். நான் பார்த்த நாலு லேயரை இந்தக் கட்டுரையில அதே வரிசையில சொல்றேன். உங்க ஊர் சென்னையா இல்லாட்டியும் முறை கிட்டத்தட்ட இதுதான்.

முதல் லேயர், மாஸ்டர் பிளான். சென்னைக்கு இப்போ நடைமுறையில இருக்கிறது 2008 செப்டம்பர்ல வந்த இரண்டாவது மாஸ்டர் பிளான். சிஎம்டிஏ வெப்சைட்ல கிராமத்தின் பேரையும் சர்வே நம்பரையும் கொடுத்தா, அந்த நிலம் எந்த ஜோன்ல வருதுன்னு காட்டும். குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, நிறுவனம், திறந்தவெளி, விவசாயம்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிறம். குடியிருப்புக்கு மஞ்சள். அப்பாவோட மனை நல்ல மஞ்சள். சட்டப்படி எந்தக் குறையும் இல்ல.

இரண்டாவது லேயர், வருவாய்த் துறை. தமிழ்நாடு அரசின் இ-சேவை தளத்துல பட்டா பார்க்கிற அதே பக்கத்துல 'அ' பதிவேடுன்னு ஒண்ணு இருக்கும். பெரும்பாலானவங்க பட்டாவைப் பார்த்துட்டு டேபை மூடிடுவாங்க. தயவுசெஞ்சு மூடாதீங்க. உங்க சர்வே நம்பரை மட்டும் பார்க்காம, சுத்தி இருக்கிற நாலஞ்சு நம்பரையும் போட்டுப் பாருங்க. மனை இருந்த நம்பர் புன்செய், பட்டா நிலம். அதை ஒட்டின நம்பர் அரசு புறம்போக்கு, குறிப்புல வாய்க்கால்னு போட்டிருந்தது. ஆனா பிரவுஷர்ல இருந்த லேஅவுட் படத்துல அந்த இடத்துல 30 அடி ரோடு!

மூணாவது, பழைய டோப்போ ஷீட். சர்வே ஆஃப் இந்தியா போட்ட பழைய வரைபடங்கள்ல சதுப்புக்குன்னு தனிக் குறி உண்டு. நீலத்துல குட்டிக் குட்டிக் கோடுகள், நடுநடுவுல புல் கொத்து. அதை ஸ்கேன் பண்ணி, க்யூஜிஐஎஸ் மென்பொருள்ல ஜியோரெஃபரன்ஸ் பண்ணி, மேல மனையோட எல்லையை வச்சேன். புல் கொத்து சரியா அப்பாவோட கிச்சன் வர்ற இடத்துல.

நாலாவது ரொம்ப ஈஸி. கூகுள் எர்த்ல பழைய படங்களைப் பார்க்கிற வசதி இருக்கு. ஒரே ஒரு டிப்: மே மாசப் படத்தைப் பார்க்காதீங்க, டிசம்பர், ஜனவரிப் படத்தைத் தேடுங்க. கோடையில எல்லா சதுப்பும் கிரிக்கெட் கிரவுண்ட் மாதிரிதான் இருக்கும். மனை விக்கிறவங்களும் பெரும்பாலும் அந்த சீசன்லதான் சைட் விசிட் வைக்கிறாங்க.

இந்த நாலையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினப்போதான் எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சுது. சதுப்பு நிலத்தை முதல்ல லாரி மண் கொட்டி மூடறதில்ல. அதுக்குப் பல வருஷம் முன்னாடியே யாரோ ஒரு மேஜையில வச்சு அதுக்கு மஞ்சள் பூசிடறாங்க. லாரி வர்றப்போ நாம போராடப் போறோம். அப்போ அவங்க கையில அப்ரூவல் இருக்கும், நம்ம கையில செல்ஃபோன் வீடியோ இருக்கும்.

பள்ளிக்கரணை இதுக்கு ஒரு முழு நீள உதாரணம். இந்த மாதிரி நிலத்துக்கு நம்ம பக்கத்து மக்கள் வச்சிருந்த பேர் கழுவெளி. மழைக்காலத்துல தண்ணி பரந்து நிக்கும், கோடையில பாதி காய்ஞ்சு மேய்ச்சல் நிலமாகும். வருவாய்த் துறைக்கு இது ஒரு தலைவலி. நிரந்தரமா தண்ணி இருந்தா ஏரின்னு எழுதலாம், பயிர் வச்சா நன்செய், புன்செய்னு எழுதலாம். வருஷத்துல பாதி இப்படியும் பாதி அப்படியும் இருக்கிற, வரி கட்டாத நிலத்தை எப்படி எழுதறது? புறம்போக்கு, தரிசு. புறம்போக்குன்னா வரிக் கணக்குக்கு வெளியே இருக்கிற நிலம், அவ்வளவுதான் அர்த்தம். இன்னைக்கு அது ஒரு திட்டு வார்த்தை.

பயனில்லாத நிலம்னு பேப்பர்ல இருந்தா, எதையும் அங்கே வைக்கலாம். 1980-கள்ல இருந்து நகரத்தோட குப்பை பெருங்குடிப் பக்கம் கொட்டப்பட்டது. வேளச்சேரியில ரயில் நிலையம் வந்தது. பல்லாவரம் துரைப்பாக்கம் 200 அடி ரேடியல் ரோடு சதுப்பைக் குறுக்கே வெட்டிக்கிட்டுப் போச்சு. ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகள் வந்தது. இதுல ரொம்ப வேடிக்கையானது, கடல் தொழில்நுட்பத்துக்கும் காற்றாலைக்கும் ஆன மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனங்களே சதுப்புக்குள்ளதான் வளாகம் கட்டியிருக்கு. இதெல்லாம் கள்ளத்தனமா ராத்திரியில நடந்த ஆக்கிரமிப்பு இல்ல. பெரும்பாலானது முறைப்படி ஃபைல் போட்டு, கையெழுத்து வாங்கி நடந்தது.

1960-கள்ல 5,000 ஹெக்டேருக்கு மேல இருந்ததாச் சொல்ற சதுப்புல, 2007-ல 317 ஹெக்டேர் காப்புக்காடா அறிவிக்கப்பட்டது. பிறகு வனத்துறை கையில சுமார் 700 ஹெக்டேர் வந்தது. 2022-ல ராம்சர் தலமா அறிவிச்சப்போ கொடுத்த பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். ஆக, சர்வதேச அங்கீகாரம் வாங்கின எல்லை, வனத்துறை கையில இருக்கிற நிலத்தை விடப் பெருசு. இடையில இருக்கிற நிலத்துல எந்த சர்வே நம்பர் உள்ளே, எது வெளியேங்கிறதுதான் இப்போ நடக்கிற சண்டை. 2025 செப்டம்பர்ல தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வு, எல்லைகள் சரியா ஆய்வு பண்ணி வரையறுக்கப்படும் வரைக்கும் ராம்சர் பகுதிக்குள்ளேயும் அதைச் சுத்தி 1 கிலோமீட்டர் தூரத்துக்கும் புது கட்டுமான அனுமதி கொடுக்கக் கூடாதுன்னு சொன்னது. கவனிங்க, ராம்சர் அறிவிப்பு வந்து மூணு வருஷம் கழிச்சு, ஒரு தீர்ப்பாயம் சொல்லித்தான் மேப்பை எடுத்து வச்சு எல்லையைப் பார்க்கிறோம்.

அப்பாவோட மனை அந்த 1 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் வெளியே. என் கணக்குல ஒரு முந்நூறு மீட்டர். அப்பா ரொம்ப சந்தோஷப்பட்டார்.

இங்கேதான் நம்ம சிலபஸ் உதவிக்கு வருது. ஹைட்ராலஜியில படிச்ச ரன்ஆஃப் கோஎஃபிஷியன்ட் ஞாபகம் இருக்கா? பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் படிக்கிற அதேதான். விழற மழையில எவ்வளவு பங்கு தரையில இறங்காம ஓடி வருதுங்கிற எண். பள்ளிக்கரணைக்குத் தண்ணி கொண்டு வர்ற நீர்ப்பிடிப்புப் பரப்பு சுமார் 250 சதுர கிலோமீட்டர். ஒரு நாள் 10 செ.மீ. மழைன்னு வச்சுக்குங்க, வடகிழக்குப் பருவமழையில இது ஒண்ணும் அதிசயமில்ல. மொத்தம் 2.5 கோடி கன மீட்டர் தண்ணி.

வயலும் புதருமா இருந்த காலத்துல கோஎஃபிஷியன்ட் 0.3-ன்னு எடுத்தா ஓடி வர்றது 75 லட்சம் கன மீட்டர். அதை 5,000 ஹெக்டேர்ல பரப்பினா 15 செ.மீ. உயரம், அதாவது அரை அடி. கொக்கு நின்னுக்கிட்டே மீன் பிடிக்கும். இப்போ கான்கிரீட்டும் தாருமா இருக்கு, 0.8-ன்னு வைங்க. ஓடி வர்றது 2 கோடி கன மீட்டர். அதை 700 ஹெக்டேர்ல நிறுத்தினா கிட்டத்தட்ட 2.9 மீட்டர், ஒன்பது அடிக்கு மேல!

இது ரொம்பத் தோராயமான கணக்கு, ஒத்துக்கிறேன். மேல இருக்கிற ஏரிகள் கொஞ்சம் பிடிச்சு வைக்கும், ஒக்கியம் மடு வழியா பக்கிங்ஹாம் கால்வாய்க்குக் கொஞ்சம் போகும், எல்லாம் ஒரே நேரத்துல வந்து சேராது. ஆனா அரை அடிக்கும் ஒன்பது அடிக்கும் இருக்கிற வித்தியாசத்தை இந்தத் திருத்தங்கள் எல்லாம் சேர்ந்தாலும் மறைக்க முடியாது. அந்த ஒன்பது அடி சதுப்புல நிக்காது. 2015-லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் எங்கே நின்னுதுன்னு வேளச்சேரிக்காரங்களைக் கேளுங்க. எங்க வீட்டுல 2015-ல, எனக்குப் பதினொரு வயசு, நாலு நாள் மாடியில இருந்தோம். அது இன்னொரு கதை.

இந்தக் கணக்குல இருந்து வர்ற முக்கியமான விஷயம் என்னன்னா, சதுப்பைக் காப்பாத்த சதுப்பைச் சுத்தி வேலி போட்டா போதாது. 1 கிலோமீட்டர் வட்டமும் போதாது. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினா நாராயணபுரம் ஏரிக்கு வரும், அங்கிருந்து பள்ளிக்கரணை. செம்பாக்கம், நன்மங்கலம் ஏரிகளும் இந்தத் தொடர்லதான். சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம், பெரும்பாக்கம் பக்கம் இன்னொண்ணு. இந்த ஏரிகளுக்கு நடுவுல ஓடற வாய்க்கால்தான் சங்கிலி. அப்பாவோட லேஅவுட்ல 30 அடி ரோடா மாறினது அந்தச் சங்கிலியோட ஒரு கண்ணி. அது எந்த ராம்சர் எல்லைக்குள்ளேயும் வராது.

பறவைகளுக்கும் இதே கதைதான். பல்லுயிர்னு சொன்னதும் நாம ஒரு லிஸ்ட் நினைச்சுக்கிறோம், இத்தனை வகைப் பறவை, இத்தனை வகை மீன்னு. ஆனா சதுப்புல அந்த வகைகளைப் பிரிச்சு வைக்கிறது தண்ணியோட ஆழம். பூநாரைக்கு ஆழம் குறைஞ்ச சேறு வேணும், தலையைக் கவுத்து வடிகட்டிச் சாப்பிடும். நீளவால் இலைக்கோழி மிதக்கிற இலைகள் மேல நடக்கும். நீலத்தாழைக்கோழிக்கு சம்புப் புதர் வேணும். கூழைக்கடாவுக்குத் திறந்த நீர்ப்பரப்பு. ஒரே சதுப்புல ஓரம், நடு, புதர், சேறுன்னு எல்லாம் இருந்தாதான் எல்லாரும் இருப்பாங்க. நம்ம சிவில் ஆளுங்களுக்கு எந்த நீர்நிலையைப் பார்த்தாலும் ஆழப்படுத்தணும், சுத்திக் கரை போடணும், மேல நடைபாதை போடணும். கொள்ளளவு கூடுதுல்ல! ஆனா சாய்வா இறங்கற ஓரத்தை வெட்டி நேரா ஆக்கினா பாதிப் பறவைக்குச் சாப்பாட்டு மேஜை போயிடும். கரையைச் சுத்தி காம்பவுண்ட் போட்டா பரவி வர்ற தண்ணியும் வெளியே நின்னுடும். இதை எனக்குச் சொன்னது பாடப் புத்தகம் இல்ல, ஒரு ஞாயித்துக்கிழமை பைனாகுலரோட ரேடியல் ரோடு ஓரமா நின்ன ஒரு பறவை பார்க்கிற அண்ணா. என் ப்ராஜெக்ட்டோட ஒரு சாப்டரையே மாத்தி எழுத வேண்டியதாப் போச்சு.

சரி, பிளான் போடறவங்க கையில என்னதான் இருக்கு? கட்டலாம், கட்டக் கூடாதுன்னு ரெண்டே பட்டன்தான்னு நான் நினைச்சிருந்தேன். அப்படி இல்ல. ஈசிஆர் ஓரமா நிலத்தடி நீர் ஊறுற மணல் பகுதிக்கு மாஸ்டர் பிளான்ல தனி விதி உண்டு, கட்டடம் எவ்வளவு பெருசா இருக்கலாம்னு கடுமையா குறைச்சு வச்சிருக்காங்க. செங்குன்றம் ஏரியோட நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் கட்டுப்பாடு உண்டு. குடிதண்ணீர் வர்ற இடம்னா நமக்கு எழுதத் தெரியுது. பள்ளிக்கரணையோட வாய்க்கால்களுக்கும் அதே மாதிரி ஒரு பட்டை வரைஞ்சிருக்கலாம்.

இன்னொண்ணு, ஓஎஸ்ஆர். பெரிய லேஅவுட் போடறவங்க 10 சதவீதம் நிலத்தைத் திறந்தவெளியா ஒதுக்கணும். நல்ல விதிதான். ஆனா ஒவ்வொரு லேஅவுட்டும் தனக்கு எந்த மூலை விக்காதோ அந்த மூலையை ஒதுக்குது, அதுல ஒரு சறுக்குமரம், நாலு பெஞ்ச். ஒரு வாய்க்கால் ஓரமா பத்து லேஅவுட் வந்தா, பத்து சறுக்குமரம் கிடைக்கும். அந்தப் பத்து துண்டையும் வாய்க்காலை ஒட்டி வரிசையா வைக்கணும்னு உள்ளூர் பிளான் முன்னாடியே சொல்லியிருந்தா, அகலமான ஒரு நீர்வழி கிடைச்சிருக்கும். ஒரு பைசா கூடுதல் செலவில்ல. நான் க்யூஜிஐஎஸ்-ல ஒரு சின்னப் பகுதிக்கு இதை மாத்தி வரைஞ்சு பார்த்தேன். என் கைடு சார் பார்த்துட்டு, "நல்லா இருக்கும்மா, ஆனா இதை லேஅவுட் வர்றதுக்கு முன்னாடி வரைஞ்சிருக்கணும்"னார். அதேதான் சார், பாயின்ட்டே அதான்.

ராம்சர் தலங்களுக்கு 2017 ஈரநில விதிகள் இருக்கு. சதுப்பை வேற பயன்பாட்டுக்கு மாத்தறது, குப்பை கொட்டறது, தொழிற்சாலை வைக்கிறதுக்கெல்லாம் தடை. நிலத்தோட எல்லையோட சேர்த்து, அதைப் பாதிக்கிற சுற்றுப்பகுதியையும் வரையச் சொல்லுது. அந்தச் சுற்றுப்பகுதியை வட்டமா வரையறதா, தண்ணி ஓடற வழியில வரையறதாங்கிறதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்கும். தண்ணிக்கு காம்பஸ் வச்சு வட்டம் போடத் தெரியாது.

நம்ம வாயைத் திறக்கிற இடம் எது? மாஸ்டர் பிளான் வரைவு வர்றப்போ பொதுமக்கள் ஆட்சேபணையும் ஆலோசனையும் சொல்லலாம்னு 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்துலயே இருக்கு. 2027-ல இருந்து 2046 வரைக்கான மூணாவது மாஸ்டர் பிளான் தயாராகிக்கிட்டு இருக்கு. அது போக, ஒரு சர்வே நம்பரை விவசாயத்துல இருந்து குடியிருப்புக்கு மாத்தறப்போ பேப்பர்ல அறிவிப்பு வரும். திருமண விளம்பரத்தை விடச் சின்ன எழுத்து. அதுல கொடுத்திருக்கிற நாட்களுக்குள்ள எழுதிப் போடணும். கிராம ஊராட்சின்னா கிராம சபை இருக்கு. 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும், ஊர்ல என்னென்ன உயிர் இருக்குன்னு மக்கள் பல்லுயிர் பதிவேடு எழுதணும். மதுரைப் பக்கம் அரிட்டாபட்டி 2022-ல பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிக்கப்பட்டது. 2024-ல அந்தப் பகுதியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் விட்டப்போ, சுத்தியிருந்த கிராமங்கள் கிராம சபைத் தீர்மானம் போட்டுப் போராடினாங்க. 2025 ஜனவரியில ஏலம் ரத்து. ஏற்கெனவே ஒரு பேப்பர்ல பேர் இருந்தது அவங்களுக்குப் பெரிய பலம்.

எழுதிப் போட்டா கேட்டுடுவாங்கன்னு நான் சொல்லல. அந்த வாய்க்கால் சர்வே நம்பரைப் பத்தி நானும் ஒரு மனு போட்டேன். ஒப்புகைச் சீட்டு வந்தது. இதுவரைக்கும் அவ்வளவுதான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியே ஆகணும். இதைப் படிச்சுட்டு சதுப்புல குடியிருக்கிறவங்க எல்லாம் குற்றவாளின்னு யாரும் கமென்ட் போடாதீங்க. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் வந்த குடும்பங்கள் தானா வரல. நகரத்துக்குள்ள கூவம், அடையாறு ஓரத்துல இருந்து, வெள்ளம் வர்ற இடம்னு சொல்லி அரசு கூட்டிட்டு வந்து இங்கே குடி வச்சது. பெரும்பாக்கத்துல மட்டும் 20,000-க்கும் மேல வீடுகள். மழை வந்தா அங்கேயும் தண்ணி நிக்குது. ஆத்தோரத்துல இருந்து எடுத்து சதுப்போரத்துல வச்சதும் ஒரு லேண்ட் யூஸ் முடிவுதான். எங்க அப்பா மாதிரி ஆளுங்க அசோக் நகர்ல மனை வாங்க முடியாது. சம்பளத்துக்குள்ள கிடைக்கிற மனை சதுப்புப் பக்கம்தான் இருக்குன்னா, அந்த விலையைத் தீர்மானிச்சதும் அதே மேப்தான்.

பிப்ரவரியில ஒரு நாள் அப்பாவை சைட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். டோப்போ ஷீட்டைக் காட்டினா அவர் நம்ப மாட்டார்னு தெரியும். அங்கே எருமை மேய்ச்சிட்டு இருந்த தாத்தாகிட்ட, "இங்கே மழைக்குத் தண்ணி நிக்குமாங்க?"ன்னு கேட்டேன். அவர் எருமையைக் காட்டி, "இதுங்க இங்கதான்மா நீந்தக் கத்துக்கிச்சு"ன்னார். அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் புரோக்கர்கிட்ட அந்த 30 அடி ரோடைக் காட்டி, வாய்க்கால் எங்கேன்னு கேட்டார். "அதெல்லாம் அப்பவே மூடியாச்சு சார், கவலையே படாதீங்க."

அட்வான்ஸ்ல பாதிதான் திரும்பி வந்தது. அம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டறாங்க.

போன வாரம் அதே புரோக்கர் அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். அதே பிளாட் நம்பர். வேற ஒரு குடும்பம், பூமி பூஜை, கையில தேங்காயோட ஒரு சின்னப் பையன். நான் ஜூம் பண்ணிப் பார்த்தேன். பின்னாடி கோரைப்புல் இன்னும் இருக்கு.